வாழ்வில் உயர்வு எதனால் வருகிறது?

உச்சிப்படிப்பு முடிந்து, தாங்கல் முற்றத்தில் அன்பர்கள் அமர்ந்திருக்கும் நேரத்தில் அடிக்கடி எழும் பேச்சு ஒன்று உண்டு. "அவன் மகன் வளைகுடாவுக்குப் போனான், மாடி வீடு எழுந்துவிட்டது. இவன் மகனும் அதே பள்ளியில்தான் படித்தான், இன்னும் ஓட்டு வீட்டில் கிடக்கிறான்." இதைக் கேட்டு ஒருவர் தலையெழுத்து என்பார். இன்னொருவர் உழைப்பு போதாது என்பார். மூன்றாமவர் "அவனுக்கு ஆள் இருந்தது, இவனுக்கு இல்லை" என்பார்.

மூன்று பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் ஒரு மனிதனுடைய வாழ்வை உயர்த்துவது எது என்ற கேள்விக்கு அவை முழு விடை ஆகா. அந்த விடையைத் தேட அன்புக்கொடி மக்கள் தொலைவில் போக வேண்டியதில்லை. நம் முன்னோர் ஒரு காலத்தில் எங்கே கிடந்தார்கள், எப்படி எழுந்தார்கள் என்று பார்த்தாலே போதும்.

தாழ்ந்து கிடந்த காலம்

கொல்லம் 1008-ஆம் ஆண்டு மாசி 20-ஆம் நாள், அதாவது 1833-இல், அய்யா வைகுண்டர் திருச்செந்தூர்க் கடலிலிருந்து எழுந்தருளினார். அன்றைய தென் திருவிதாங்கூரில் சாணார் முதலிய பதினெட்டுச் சாதி மக்களின் நிலை எப்படி இருந்தது?

முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது. பெண்கள் மேலாடை இடக் கூடாது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடக்கக் கூடாது. குடை பிடிக்கவும், காலில் செருப்பு அணியவும், தலையில் பாகை கட்டவும் தடை இருந்தது. மாடி வைத்து வீடு கட்ட முடியாது. பனைக்கு வரி, தலைக்கு வரி, அதற்கு மேல் கூலி இல்லாத ஊழியம். பகல் முழுதும் பனை ஏறி இறங்கியவனை அரசு வேலை என்று இழுத்துப் போனால், அன்று அவன் வீட்டில் அடுப்பு எரியாது.

இந்த மக்கள் உழைக்காமலா இருந்தார்கள்? விடியும் முன் எழுந்து, அறுபது அடி உயர மரத்தில் காலையும் மாலையும் ஏறியவனைவிட அதிகம் உழைத்தவர் யார்? அப்படியிருந்தும் அவன் உயரவில்லை. ஆகவே "உழைத்தால் உயரலாம்" என்ற சொல்லை ஏழையைப் பார்த்து எளிதாகச் சொல்லிவிட முடியாது. வழியை அடைத்து வைத்துவிட்டு, "ஏன் நடக்கவில்லை" என்று கேட்பது நியாயமல்ல. கீழே கிடப்பவனின் குற்றத்தால்தான் அவன் கீழே கிடக்கிறான் என்று எண்ணுவதே கலியின் பேச்சு. இதை முதலில் மனதில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

தலை நிமிர்ந்தது முதல் படி

வழி அடைபட்டுக் கிடந்த அந்த மக்களுக்கு அய்யா பொன் கொடுக்கவில்லை, நிலம் கொடுக்கவில்லை. தலைப்பாகை கொடுத்தார். பாகை கட்டக் கூடாது என்று தடுக்கப்பட்ட ஆண், இறைவன் முன்னே பாகை கட்டித்தான் நிற்க வேண்டும் என்று ஆயிற்று. பள்ளியறையில் கண்ணாடி வைக்கப்பட்டது. வணங்க வந்தவன் அதில் தன் முகத்தையே கண்டான். "நீ இழிந்தவன்" என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், நெற்றியில் வெள்ளை நாமம் துலங்கும் தன் முகத்தை விளக்கொளியில் பார்த்தவனுக்கு, அந்தச் சொல் பொய் என்று விளங்கியது.

உயர்வுக்கு இது முதல் படி. தன்னைத் தாழ்ந்தவன் என்று நம்புகிறவன், கதவு திறந்திருந்தாலும் உள்ளே போகத் தயங்குவான். வேலைக்கான நேர்காணலுக்குப் போய், வாசலில் கார்களைப் பார்த்து மிரண்டு திரும்பிய பிள்ளைகள் இன்றும் உண்டு. அறிவு குறைந்து அவர்கள் திரும்பவில்லை. தலை குனிந்திருந்தது, அவ்வளவுதான்.

தலை நிமிர்தல் வேறு, தலைக்கனம் வேறு. கண்ணாடியில் தெரிவது தன் முகம் மட்டும் அல்ல. அடுத்து வந்து நிற்பவனுக்கும் அதே கண்ணாடி அவன் முகத்தைத்தான் காட்டும். தன்னில் கண்ட மேன்மையை எதிரில் நிற்பவனிடமும் காண்பவன்தான் கண்ணாடியைச் சரியாகப் பார்த்தவன்.

துவையல் தவசு

தலை நிமிர்ந்தால் மட்டும் போதுமா? போதாது என்று காட்டியது துவையல் தவசு.

அய்யாவின் கட்டளையை ஏற்று எழுநூறு குடும்பத்தார் வீடு வாசல் விட்டுக் கடற்கரையில் வாகைப்பதிக்குச் சென்று தவசு இருந்தார்கள். ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் சேர்ந்திருந்த தவசு அது. நாள்தோறும் மூன்று வேளை குளித்தார்கள், உடுத்த துணியைத் துவைத்தார்கள். பச்சரிசியும் சிறுபயறும் சேர்ந்த உணவை ஒரு வேளை மட்டும் உண்டார்கள். துன்பங்கள் வந்தன. ஊராரின் ஏளனமும் வந்தது. நீண்ட காலம் அந்த ஒழுங்கு நின்றது.

அதில் அரிய செயல் என்று எதுவும் இல்லை என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும். குளிப்பது, துவைப்பது, அளவாக உண்பது, ஒன்றாக அமர்ந்து வணங்குவது. குழந்தையும் செய்யக்கூடியவை. ஆனால் நீண்ட காலம், நாள் தவறாமல், மனம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் செய்வது அரிது. அங்கே போனவர் வேறு, திரும்பி வந்தவர் வேறு. துணியின் அழுக்கோடு, "நம்மால் என்ன ஆகும்" என்ற மன அழுக்கும் கடல் காற்றில் போயிற்று. அவர்கள் துவையல் பந்தி மக்கள் என்று பெயர் பெற்றார்கள். ஊர் தோறும் நிழல் தாங்கல்கள் எழுந்தன. வணங்கும் இடமாக இருந்த தாங்கல், எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் இடமாகவும் விளங்கியது.

ஒரு நாள் செய்த பெரிய காரியத்தால் வாழ்வு உயர்வதில்லை. நாள்தோறும் விடாமல் செய்யும் சிறிய காரியத்தாலேயே உயர்கிறது. துவையல் தவசின் பாடம் இதுதான்.

பனை சொல்லித் தரும் கணக்கு

இந்தப் பாடம் நம் முன்னோருக்குப் புதிதல்ல. பனை அவர்களுக்கு அதை ஏற்கெனவே சொல்லிக் கொடுத்திருந்தது.

பனை விதை ஊன்றினால் பலன் காண பதினைந்து இருபது ஆண்டு ஆகும். பலன் வந்த பிறகும் மரம் தானாக எதையும் தராது. பனையேறி நாள்தோறும் ஏறிப் பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவ வேண்டும். சீவாமல் விட்டால் நுனி காய்ந்து, வடிதல் நின்றுவிடும். ஆசைப்பட்டு ஒரே நாளில் தடிமனாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும். அளவாக, தினமும் என்பதுதான் பனையின் கணக்கு. பிள்ளையின் படிப்பும், சீட்டுப் பணமும், உடல் நலமும், கணவன் மனைவி உறவும் இந்தக் கணக்கிலேதான் ஓடுகின்றன. தேர்வுக்கு முந்தின நாள் இரவு முழுதும் படிப்பவன் பாளையைத் தடிமனாகச் சீவுகிறான். மாதக்கணக்கில் புத்தகம் திறவாதவன் பாளையைக் காய விடுகிறான்.

இன்னொன்றும் உண்டு. பாளையில் கட்டும் கலயத்தின் உள்ளே பனையேறி சுண்ணாம்பு தடவுவான். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்குவது அக்கானி. அதைக் காய்ச்சினால் கருப்பட்டி. குழந்தைக்கும் கொடுக்கலாம், மருந்துக்கும் ஆகும், விற்றால் காசு. சுண்ணாம்பு தடவாத கலயத்தில் சொட்டும் அதே சாறு சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகும். மரம் ஒன்று, மண் ஒன்று, ஏறிய ஆளும் ஒருவன். வேறுபாடு கலயத்தின் உட்புறத்தில் தடவிய வெள்ளைப் பூச்சில் இருக்கிறது.

அறிவும், உடல் வலுவும், வருமானமும் பாளையிலிருந்து சொட்டும் சாறு போன்றவை. ஒழுக்கம் என்னும் சுண்ணாம்பு உள்ளே இருந்தால் அவை வீட்டுக்கு இனிப்பாகும். இல்லையென்றால் அதே அறிவு ஏமாற்றுக்குப் போகும், அதே வருமானம் சாராயக் கடைக்குப் போகும். கை நிறையச் சம்பாதித்தும் குடும்பம் நசிந்த வீடுகள் ஊருக்கு இரண்டாவது இருக்கும். அங்கே குறைந்தது சாறு அல்ல, சுண்ணாம்பு.

ஒரு வீட்டில் நடந்தது

ஓர் ஊரில் தாங்கலுக்குத் தவறாமல் வரும் ஒரு குடும்பம். தகப்பனார் கொத்தனார். மூத்த மகன் பன்னிரண்டாம் வகுப்பில் கணக்குப் பாடத்தில் தேறவில்லை. அதே தெருவில் ஒரு பெண்பிள்ளை மாவட்ட அளவில் மதிப்பெண் எடுத்து, அவள் படத்தோடு தெருமுனையில் பிளக்ஸ் பலகை வைத்திருந்தார்கள். தகப்பனார் வேலை முடிந்து வரும் வழியில் அதைப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் மகனிடம் சொல்லக் கூடாத சொல் ஒன்றைச் சொன்னார்: "இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றதற்குப் பெறாமலே இருந்திருக்கலாம்."

மகன் பதில் பேசவில்லை. சோறும் உண்ணவில்லை. அன்று இரவு அவன் அறைக் கதவைச் சாத்த அம்மா விடவில்லை. காரணம் சொல்லாமல் வாசற்படியிலேயே பாய் விரித்துக் கிடந்தாள். விடியும்வரை கண் மூடவில்லை.

அந்த வீட்டில் ஒரு பாட்டா இருந்தார். நாற்பது ஆண்டு பனை ஏறியவர். இப்போது நடப்பதே அரிது. விடிந்ததும் பேரனைக் கூப்பிட்டு, பரணில் கிடந்த பழைய முருக்குத்தடியை எடுத்துத் தரச் சொன்னார். அதைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"மக்களே, நான் முதல்ல ஏறுன பனையில பாதியிலயே கை நடுங்கி இறங்கிட்டேன். கீழே நின்னவன் எல்லாம் சிரிச்சான். எங்க அப்பா சிரிக்கல. 'நாளைக்கு இன்னும் ரெண்டு முழம் கூட ஏறு, போதும்'ன்னாரு. பத்தாம் நாள் கொண்டை வரை போயிட்டேன்."

பிறகு தம் மகனைக் கூப்பிட்டார். "நீ நேற்றுச் சொன்ன சொல்லை நான் உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை" என்று மட்டும் சொன்னார். கொத்தனார் தலை குனிந்து நின்றார். பிறகு மகனின் தோளில் கை வைத்தார். இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை.

மகன் துணைத்தேர்வு எழுதித் தேறினான். கலெக்டர் ஆகவில்லை, வெளிநாடும் போகவில்லை. தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணி படித்தான். இன்று வீடுகளுக்கு ஒயரிங் வேலை செய்கிறான். சொன்ன நாளில் வருவான், சொன்ன தொகைக்கு மேல் கேட்க மாட்டான் என்று ஊரில் பெயர். வீட்டின் பேரில் இருந்த வட்டிக் கடன் அடைந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மாலையில் தாங்கல் திண்ணையில் சிறு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறான், தான் தவறிய அதே கணக்கை. "எனக்குப் புரியாமல் போன இடம் எது என்று எனக்குத் தெரியும், அதனால் அவர்களுக்குப் புரிய வைக்க முடிகிறது" என்பான்.

அந்தப் பிள்ளையை எழுப்பியது எது? அவன் உழைப்பு உண்டு. அதற்கு முன்னே அம்மாவின் உறங்காத ஒரு இரவு உண்டு, பாட்டாவின் இரண்டு முழக் கணக்கு உண்டு, தகப்பனார் தம் தவற்றை உணர்ந்தது உண்டு. தனியே உயர்ந்தவன் என்று ஒருவனும் இல்லை. துவையல் தவசுக்கு அய்யா ஆட்களைத் தனித்தனியாக அனுப்பவில்லை, குடும்பம் குடும்பமாக அனுப்பினார். ஒருவன் சோர்ந்தால் அடுத்தவன் தாங்க வேண்டும் என்பதற்காகத்தான் அது பந்தி ஆயிற்று.

ஆகவே பிள்ளை எந்தப் பந்தியில் அமர்கிறான் என்று பெற்றோர் பார்க்க வேண்டும். பாளையைச் சீவக் கற்றுக்கொடுக்கும் கூட்டமும் உண்டு, கள்ளுக் கலயத்தைச் சுற்றி அமரும் கூட்டமும் உண்டு.

உழைத்தும் உயராதவர்

இங்கே ஒரு கேள்வி எழும். ஒழுக்கமும் உழைப்பும் இருந்தும் உயராதவர்கள் இல்லையா?

இருக்கிறார்கள். நாள் தவறாமல் வேலைக்குப் போனவர் ஒரு நாள் சாரத்திலிருந்து விழுந்து படுக்கையில் கிடக்கிறார். கணவனை இழந்த பெண் முந்திரி ஆலையில் நின்று மூன்று பிள்ளைகளை வளர்க்கிறாள், கடைசிவரை சொந்த வீடு அமையவில்லை. நல்ல பிள்ளை ஒருவனுக்கு நோய் வந்து படிப்பு நின்றுவிடுகிறது. இவர்கள் எதில் குறைந்தார்கள்? எதிலும் இல்லை. பனையேறி எவ்வளவு கவனமாக இருந்தாலும் மரம் மழையில் வழுக்கும்.

அதனால் ஒருவனது வெற்றியை வைத்து அவன் குணத்தை அளக்கக் கூடாது. வீழ்ந்தவனைப் பார்த்து "இவன் என்ன பாவம் செய்தானோ" என்று பேசுவது அன்புக்கொடி மக்களுக்கு ஆகாது. தாழ்ந்து கிடப்பவரைத் தாங்கி எழுப்புவதே தர்மம் என்பது அய்யாவின் போதனை. கீழே கிடப்பவனை எழுப்பச் சொன்னாரே தவிர, அவன் ஏன் விழுந்தான் என்று விசாரிக்கச் சொல்லவில்லை.

உயர்வை அளக்கும் கோல்

கடைசியாக, உயர்வு என்றால் என்ன என்பதையே பார்க்க வேண்டும்.

உலகத்தின் கோலால் அளந்தால் அய்யாவின் வாழ்வில் என்ன இருந்தது? பூவண்டன்தோப்பில் ஆறு ஆண்டு தவம். பிறகு திருவனந்தபுரத்தில் சிங்காரத்தோப்புச் சிறை. பொன் சேர்க்கவில்லை, மாளிகை கட்டவில்லை. காணிக்கையும் வேண்டாம் என்றார். சிறையிலிருந்து விடுவிக்க மன்னர் ஒரு நிபந்தனை வைத்ததாக வரலாறு சொல்லும்: தம் சொந்தச் சாதிக்குள் மட்டும் நடந்துகொள்ள வேண்டும், மற்றச் சாதி மக்களைச் சேர்க்கக் கூடாது என்பது அது. அய்யா அதற்கு இசையவில்லை. மற்றவரைக் கைவிட்டுத் தாம் மட்டும் வெளியே வருவதை அவர் விடுதலை என்று கருதவில்லை. பின்னர் நிபந்தனை இன்றியே விடுதலை வந்தது. சாமிதோப்பில் முத்திரிக்கிணற்றில் எல்லாச் சாதியாரும் ஒரே நீரை இறைத்துக் குளித்தார்கள்.

1851-இல் அய்யா வைகுண்டம் ஏகினார். எட்டு ஆண்டு கழித்து, 1859 ஜூலை 26-ஆம் நாள், சாணார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று திருவிதாங்கூர் அரசு அறிவித்தது. அந்த உரிமைக்காகப் போராடியவர் பலர், அடிபட்டவர் பலர். அவர்களில் எத்தனையோ பேர் அந்த நாளைக் காணாமலே போனார்கள். அவர்கள் தோற்றவர்களா? இன்று தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடக்கும் ஒவ்வொரு பெண்ணும் அவர்கள் பெற்ற வெற்றிக்குச் சாட்சி.

தான் ஏறிய பிறகு ஏணியை இழுத்துக்கொள்பவன் உயரத்தில் இருக்கலாம், உயர்ந்தவன் ஆகமாட்டான். மாடி வீடு கட்டியவன் அதன் திண்ணையில் ஒரு ஏழைப் பிள்ளை அமர்ந்து படிக்க இடம் விட்டால், அந்த வீடு உயர்ந்த வீடு. ஊர் மெச்சக் கல்யாணம் நடத்திப் பத்து ஆண்டு வட்டி கட்டுபவனைவிட, தாங்கலில் எளிமையாக மணம் முடித்துக் கடனில்லாமல் உறங்குபவன் உயர்ந்தவன்.

வீட்டில் அமர்ந்து சிந்திக்க

இந்தப் பாடத்தைப் படித்து முடித்ததும், மாலை விளக்கேற்றி வணங்கிய பிறகு குடும்பத்தார் ஒன்றாக அமர்ந்து இவற்றைப் பேசலாம்.

1. இந்த வீட்டில் நாள் தவறாமல் நடக்கும் நல்ல காரியம் எது? ஒன்றும் இல்லையென்றால், நாளை முதல் தொடங்கக்கூடிய சிறிய காரியம் எது?

2. வீட்டு வருமானம் அக்கானியாக இறங்குகிறதா, கள்ளாகப் புளிக்கிறதா? எந்த இடத்தில் சுண்ணாம்பு குறைகிறது?

3. பிள்ளையை அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசிய சொல் ஏதும் உண்டா? உண்டானால், அதை இன்றே திரும்பப் பெற வேண்டும். விடியட்டும் என்று வைக்க வேண்டாம்.

4. தெருவில் தளர்ந்து கிடக்கும் ஒருவருக்கு இந்த வாரம் இந்த வீடு செய்யக்கூடிய உதவி என்ன?

நான்கையும் ஒரே நாளில் முடிக்க முயல வேண்டியதில்லை. அது பாளையைத் தடிமனாகச் சீவுவது போல் ஆகிவிடும். இன்று இரண்டு முழம் ஏறினால் போதும். நாளைக்கும் மரம் அங்கேயேதான் நிற்கும், அய்யா துணையும் இருக்கும்.

அய்யா உண்டு.